பிரசங்க மேடைக்கு அடியில் ஒரு தொட்டி

உசிலம்பட்டியிலிருந்து உள்ளே பிரியும் சாலை ஒன்றில், கண்மாய்க்கரை ஏறி இறங்கியதும் ஒரு சின்ன ஆலயம் இருக்கிறது. முப்பதடி நீளம் இருந்தால் அதிகம். வாசலில் ஒரு வேப்பமரம், அதன் கிளையில் கம்பி கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அதுதான் கோயில் மணி. சுவரில் நீலப் பெயிண்டில் 'பாப்டிஸ்ட் சபை' என்று எழுதியிருக்கிறார்கள். நான் சி.எஸ்.ஐ. சபையில், அதாவது தென்னிந்தியத் திருச்சபையில், வளர்ந்தவன். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஒரு கிராமத்துச் சுவரில் அந்தப் பெயரை அதுவரை பார்த்ததில்லை.

உள்ளே பெஞ்சு கிடையாது, பாய்தான். எதிரே ஒன்றரை அடி உயரத்தில் பிரசங்க மேடை, மேலே பலகை பாவியது. எழுபதைத் தாண்டிய சபை மூப்பர் ஒருவர், "தம்பி, அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க" என்றார். இரண்டு பேருமாக நான்கு பலகைகளைத் தூக்கிச் சுவரோரம் சாத்தினோம். அடியில் ஒரு தொட்டி. இடுப்பளவு ஆழம், இறங்க மூன்று படி, உள்சுவரெல்லாம் சிமெண்டுப் பால் பூசி வழவழவென்று இருந்தது. தண்ணீர் வெளியேறும் துவாரத்தைத் துணி சுற்றிய மரக்கட்டையால் அடைத்திருந்தார்கள். "முந்தியெல்லாம் கண்மாய்லதான் ஞானஸ்நானம் குடுத்தாக. அப்புறம் பம்புசெட்டுத் தொட்டி. கண்மாயில தண்ணி நிக்கிறதே அபூர்வமாப் போச்சு. அதான் இங்கயே கட்டிட்டோம்" என்றார்.

அந்தத் தொட்டி மனதை விட்டுப் போகவில்லை. மதுரை நாட்டில் கிராமத்து ஆலயங்கள் எப்படி முளைத்தன, அவற்றுள் பாப்டிஸ்ட் ஆலயம் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது, அப்படி ஒன்று இருந்தால் அதன் வரலாறு ஏன் எந்த ஏட்டிலும் அகப்படுவதில்லை என்கிற மூன்று கேள்விகளுக்கும் அங்கிருந்தே தொடங்கலாம்.

முதலில் தொட்டி எதற்கு என்று பார்த்துவிடுவோம். சி.எஸ்.ஐ. ஆலயங்களில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் உண்டு. போதகர் குழந்தையைக் கையில் வாங்கி, தலையில் தண்ணீர் தெளித்துப் பெயர் சொல்லுவார். பாப்டிஸ்ட் சபையார் இதை ஏற்பதில்லை. விசுவாசம் என்பது ஒருவர் விவரம் தெரிந்த வயதில் தானே வாய் திறந்து அறிக்கையிட வேண்டியது, அதற்குப் பிறகுதான் ஞானஸ்நானம், அதுவும் முழுதாகத் தண்ணீரில் அமிழ்ந்து எழவேண்டும் என்பது அவர்கள் பிடிப்பு. அமிழ்வது பழைய வாழ்வுக்குச் சாவு, எழுவது புது வாழ்வு. ஆகவே ஆளை முக்கி எடுக்கும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும்.

தமிழில் இதில் ஒரு நுட்பம் உண்டு. 'ஸ்நானம்' என்றாலே நமக்கு முழுக்குத்தான். ஆற்றில் ஸ்நானம், தீர்த்தத்தில் ஸ்நானம் என்றால் யாரும் தலையில் நாலு சொட்டுத் தெளிப்பதை நினைக்கமாட்டார்கள். ஆனால் தெளித்துக் கொடுப்பதையும் 'ஞானஸ்நானம்' என்றே தலைமுறைகளாகச் சொல்லி வருகிறோம். பாப்டிஸ்ட்காரர்கள் வேறுபாடு தெரிய 'முழுக்கு ஞானஸ்நானம்' என்று சொல்கிறார்கள். சொல்லுக்குள் ஏற்கெனவே முழுக்கு இருக்க, முன்னால் இன்னொரு முழுக்கு. 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்பு வேதாகமம் 'திருமுழுக்கு' என்றே போட்டது. அந்தச் சொல்லைப் பார்த்து ஒரு பாப்டிஸ்ட் மூப்பர் சந்தோஷப்பட்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

சரி, மதுரையில் இவர்கள் ஏன் இவ்வளவு குறைவு? விடை மதுரையில் இல்லை, ஒரு கப்பலில் இருக்கிறது.

பாப்டிஸ்ட் சபைகளின் தொடக்கம் 1609ல் ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலம் புகுந்திருந்த ஆங்கிலேயர் சிலரிடம். அதற்கு மூன்று வருடம் முன்புதான், 1606ல், ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து சேர்ந்திருந்தார். அந்தக் கத்தோலிக்க மதுரை மிஷன் தனிக்கதை. நம் கதைக்கு வேண்டியது 1812. அமெரிக்காவில் பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம், தன் முதல் மிஷனரிகளை அந்த வருடம் இந்தியாவுக்கு அனுப்பியது. இது காங்கிரிகேஷனல் சபையாரின் சங்கம். காங்கிரிகேஷனல் என்றால், ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன் காரியத்தைத் தானே கூடித் தீர்மானித்துக்கொள்ளும், மேலே பிஷப் கிடையாது என்ற முறை. இந்த விஷயத்தில் அவர்களும் பாப்டிஸ்ட்காரர்களும் ஒரே கட்சி. வித்தியாசம் ஞானஸ்நானத்தில்தான்: காங்கிரிகேஷனல்காரர்கள் குழந்தைக்கும் கொடுப்பார்கள்.

அந்தக் குழுவில் அதோனிராம் ஜட்சன் என்ற இளைஞர் இருந்தார். கல்கத்தாவில் இறங்கியதும், செராம்பூரில் வில்லியம் கேரியைச் சேர்ந்த ஆங்கிலேய பாப்டிஸ்ட் மிஷனரிகளைச் சந்திக்க வேண்டியிருக்கும், அவர்களுக்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டுமே என்று, கடல் பயணம் நெடுகிலும் ஞானஸ்நானம் பற்றி வேதத்தைக் கிளறிக்கொண்டே வந்தார். கிளறக் கிளற, பாப்டிஸ்ட்காரர்கள் சொல்வதுதான் சரி என்று அவருக்கே பட்டுவிட்டது. 1812 செப்டம்பரில் கல்கத்தாவில், கேரியின் தோழர் வில்லியம் வார்ட் கையால் ஜட்சனும் அவர் மனைவியும் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். சிறிது நாளில் கூட வந்த லூதர் ரைஸும் அப்படியே. தன்னை அனுப்பிய சங்கத்துக்கு ஜட்சன் ராஜினாமா எழுதவேண்டி வந்தது. 1813 ஜூனில் சென்னையில் சில நாள் தங்கி, அங்கே கிடைத்த கப்பலில் ரங்கூன் போனார். பர்மாவில் பாப்டிஸ்ட் சபை வேர்விட்ட கதை அதிலிருந்து தொடங்குகிறது. அவருக்கு ஆதரவாக அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகள் 1814ல் தங்களுக்கென்று தனி மிஷன் அமைப்பு கண்டன.

ஜட்சனை இழந்த அதே அமெரிக்கன் போர்டுதான் பின்னால் மதுரைக்கு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை எளிதில் உள்ளே விடவில்லை. இலங்கையில் அனுமதி கிடைத்ததால் 1816ல் யாழ்ப்பாணத்தில் காலூன்றினார்கள், தமிழ் கற்றார்கள், வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக்கூடம் நடத்தினார்கள். 1833 சாசனச் சட்டத்தால் தடை விலகியதும் அடுத்த வருடமே மதுரையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1834 தொடக்கத்தில் லெவி ஸ்பால்டிங் வந்து ஊரைப் பார்த்துவிட்டுப் போனார். அதே ஆண்டு ஜூலையில் ஹோய்சிங்டனும் டாடும், யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர்களோடு வந்து தங்கினார்கள். ஆக, மதுரையின் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தின் பிள்ளை. இதை மதுரைக்காரர்கள் பலரே மறந்துவிட்டோம்.

அதன் பிறகு திண்டுக்கல், திருமங்கலம், பெரியகுளம், வத்தலக்குண்டு, மேலூர், மானாமதுரை, மண்டபசாலை, பழனி என்று வரிசையாக மிஷன் நிலையங்கள். பசுமலையில் 1845 முதல் செமினரி. பிற மிஷன்களும் ஆளுக்கொரு பகுதி என்று பிரித்துக்கொண்டு, ஒருவர் எல்லைக்குள் மற்றவர் போவதில்லை என்று பெரும்பாலும் நடந்துகொண்டார்கள். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷன் தெலுங்கு நாட்டில், நெல்லூர், ஓங்கோல் பக்கம். இங்கிலாந்தின் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சென்னையிலும் சேலம் பக்கமும். கொல்லிமலையில் 1913 முதல் உழைத்து 1929ல் அங்கேயே காய்ச்சலில் இறந்த ஜெசி பிராண்ட் அந்த மிஷனைச் சேர்ந்தவர். தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து பேர்பெற்ற டாக்டர் பால் பிராண்ட் அவர் மகன். மதுரை காங்கிரிகேஷனல் பங்கில் விழுந்துவிட்டது.

இந்த மிஷனின் கீழ் கிராமத்துச் சிற்றாலயம் எப்படி உண்டாயிற்று என்பதைப் படமாகப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் பின்னால் வந்த பாப்டிஸ்ட் ஆலயங்களும் அந்த அச்சில்தான் வார்க்கப்பட்டன.

ஒரு ஊரில் நாலைந்து குடும்பம், பெரும்பாலும் நிலமில்லாத குடும்பங்கள், சபையில் சேர விருப்பம் தெரிவிக்கும். மிஷன் ஒரு உபதேசியாரை அனுப்பும். அவரே வாத்தியார், அவரே ஜெபம் நடத்துபவர், அவரே சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் முன்நிற்பவர், தாசில்தாருக்கு மனு எழுதித் தருபவரும் அவரே. மண்சுவர் எழுப்பிப் பனையோலைக் கூரை போட்டு ஒரு கொட்டகை. வாரநாளில் அது பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில். வெள்ளைக்கார மிஷனரி வருடத்தில் ஒன்றிரண்டு தடவை மாட்டுவண்டியில் கூடாரத்தோடு வந்து போவார். மற்ற நாளெல்லாம் அந்தக் கோயிலைத் தாங்கியது உபதேசியாரும் அவர் மனைவியும்தான். மிஷன் அறிக்கைகளில் மிஷனரியின் பெயர் இருக்கும். பல ஊர்களில் உபதேசியாரின் பெயர் எண்ணிக்கைக்குள் கரைந்து போயிருக்கும். இது எனக்கு ஆறாத மனக்குறை.

பணம் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பாஸ்டனிலிருந்து. மிச்சம் அந்த ஊர்ப் பெண்களின் அரிசிப் பானையிலிருந்து. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொட்டும் 'கைப்பிடி அரிசி' காணிக்கை இன்றும் பல சபைகளில் இருக்கிறது. அறுப்புப் பண்டிகையில் படைத்த பூசணிக்காயும் சேவலும் ஏலம் போகும். ஒரு பூசணிக்காயை ஏலத்தில் எடுத்தவர் அதைத் திரும்பச் சபைக்கே கொடுத்து, மறுபடி ஏலம் விட்டு, ஒரே காய் நாலு தடவை விலைபோவதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். சுவர் அப்படித்தான் எழும்பியது.

சாதி பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1847ல் மதுரை மிஷன், தன்னிடம் வேலை செய்யும் உபதேசியார்கள் சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரோடும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கண்டிப்பாக நின்றது. மறுத்த பலர் விலக நேர்ந்தது. சபை சுருங்கினாலும் பரவாயில்லை என்று எடுத்த அந்த முடிவை நான் மதிக்கிறேன். அதனால் சாதி போய்விட்டதா என்றால், எந்தச் சேகரத்துத் தேர்தலையும் (சேகரம் என்பது ஒரு போதகரின் கீழ் வரும் சபைகளின் தொகுப்பு) பார்த்தவர்களுக்கு விடை தெரியும்.

அப்புறம் தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. அந்தக் காலத்தில் சபைகளில் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தவர்களைப் பற்றி 'கஞ்சிக்குச் சேர்ந்தவர்கள்' என்று லேசாகப் பேசுவார்கள். ஓங்கோல் பாப்டிஸ்ட் மிஷனில் நடந்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஜான் கிளவ் என்ற மிஷனரி பஞ்ச நிவாரண வேலை முடியும்வரை ஞானஸ்நானமே கொடுக்காமல் நிறுத்திவைத்தார். அதற்குப் பிறகும் ஜனங்கள் விடவில்லை. 1878 ஜூலை 3ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் குண்டலகம்மா ஆற்றில் முழுக்குப் பெற்றார்கள். கஞ்சி நின்ற பிறகும் வந்தவர்களைக் கஞ்சிக்கு வந்தார்கள் என்று சொல்வது நியாயமில்லை.

முழுக்கு ஞானஸ்நானம் மதுரை நாட்டுக்கு வெளிநாட்டு மிஷன் வழியாக வராவிட்டாலும், வேறு வழியாக முன்பே வந்துவிட்டது. வந்தது ஒரு தமிழர் மூலம். அருளப்பன், 1810ல் பிறந்தவர். திருநெல்வேலியில் ரேனியஸ் ஐயர் என்ற ஜெர்மானிய மிஷனரியிடம் பயின்று, பிறகு அந்தோனி நோரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரோடு சேர்ந்தவர். குரோவ்ஸ் பல்மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். பிஷப்பும் குருமாரும் இல்லாமல் கூடும் பிரதரன் சபையின் முன்னோடிகளில் ஒருவர். எந்தச் சங்கத்தின் சம்பளமும் இல்லாமல் ஊழியம் செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. அருளப்பன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். 1840 வாக்கில், வத்திராயிருப்புப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் கிறிஸ்டியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கினார். விவசாயம் செய்துகொண்டே ஊழியம், வெளியிலிருந்து சம்பளம் இல்லை. 1860ல் அவர் வட்டாரத்தில் கிளம்பிய எழுப்புதல் என்ற பக்தி எழுச்சி சுற்றுப்புறமெல்லாம் பரவியது. அருளப்பன் 1867ல் இறந்தார்.

அருளப்பன் பாப்டிஸ்ட் இல்லை. ஆனால் விசுவாசித்தவருக்கு மட்டுமே முழுக்கு, வெளியிலிருந்து ஆளும் தலைமை இல்லாத ஊர்ச்சபை, கூலி வாங்காத ஊழியம் ஆகிய மூன்றையும் மதுரைக்குத் தெற்கே ஒரு தமிழ் விவசாயி நடத்திக் காட்டிவிட்டார். இன்று இந்தப் பக்கத்தில் சுயமாக நிற்கும் சின்னச் சபைகளைப் பார்த்து 'எவனோ அமெரிக்காக்காரன் பணம்' என்று பேசுகிறவர்களுக்கு நான் கிறிஸ்டியான்பேட்டையைத்தான் காட்டுவேன்.

1908 ஜூலையில் மதுரையில் ஒரு பெரிய கூடுகை. காங்கிரிகேஷனல் சபைகளும் பிரெஸ்பிட்டேரியன் சபைகளும் ஒன்றாகி தென்னிந்திய ஐக்கிய சபை ஆனது அங்கேதான். பிறகு 1947 செப்டம்பர் 27ஆம் தேதி, சுதந்திரம் கிடைத்து ஆறு வாரத்தில், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., சென்னையில் பிறந்தது. மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தின், அதாவது ஒரு பிஷப்பின் ஆளுகைப் பகுதியின், முதல் பிஷப்பாக லெஸ்லி நியூபிகின் வந்தார், வயது 37. பிஷப்பே வேண்டாம் என்ற சபைமுறையில் நூறு வருடத்துக்கு மேல் நடந்த மதுரைக் கிராமத்து ஆலயங்களுக்கு அன்றுதான் பிஷப் கிடைத்தார். பாப்டிஸ்ட் சபைகள் அந்த ஐக்கியத்தில் சேரவில்லை. வட இந்தியத் திருச்சபை 1970ல் உருவானபோது அங்கே பாப்டிஸ்ட்களில் ஒரு பகுதியினர் சேர்ந்தார்கள். தெற்கில் அது நடக்கவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்தத் தொட்டிக் கோயிலின் அருமை புரிகிறது. அங்கே புது ஓடு மாற்ற வேண்டுமானால், போதகரை அழைக்க வேண்டுமானால், ஒருவரைச் சபையில் சேர்க்க வேண்டுமானால், ஆராதனை முடிந்து பாயிலேயே உட்கார்ந்து பேசிக் கைதூக்கித் தீர்மானிக்கிறார்கள். என் சொந்தச் சபையில் இதற்கெல்லாம் சேகரக் கமிட்டி, அதற்குமேல் திருமண்டலம். 1834ல் வந்த அமெரிக்கர்கள் கொள்கையாகச் சுமந்துவந்த ஊர்ச்சபை ஆட்சி, அவர்களுடைய வாரிசுகளான எங்களிடம் பெயரளவுக்குக்கூட இல்லை. நடைமுறையில் மிஷனரிகளும் சம்பளமும் சொத்தும் தங்கள் கையில் இருக்க முழுச் சுதந்திரம் கொடுத்தார்கள் என்று சொல்லமுடியாதுதான். ஆனாலும் அந்தக் கொள்கை உயிரோடு இருப்பது யாரோடு ஞானஸ்நான விஷயத்தில் பிரிந்தார்களோ அவர்களுடைய சின்னக் கோயிலில்.

சுயாட்சிக்கு ஒரு விலையும் உண்டு. சி.எஸ்.ஐ. ஆலயத்தின் நிலம் திருச்சபையின் சொத்துக் கழகத்தின் பெயரில் இருக்கும். தனிச் சபையின் நிலம் யார் பெயரில்? பல இடங்களில் இடம் கொடுத்தவர் பெயரிலேயே பட்டா கிடக்கும். அவர் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அவர் பேரப்பிள்ளைகள் காலத்தில் பாகப்பிரிவினை வரும்போது, கோயில் நிற்கும் மூன்று சென்ட்டும் கணக்குக்குள் வந்துவிடும். டிரஸ்ட் பதிவு செய்து, பத்திரத்தை டிரஸ்ட் பெயருக்கு மாற்றி எழுதி வைத்த சபைகளே நிம்மதியாக இருக்கின்றன.

வரலாறு அகப்படாததற்கும் இதே தனித்தன்மை ஒரு காரணம். மிஷன் கோயிலாக இருந்தால் வருடாந்தர அறிக்கை, கடிதம், வரைபடம் என்று எங்கோ ஒரு அலமாரியில் ஏதாவது இருக்கும். தனிச் சபைக்கு அறிக்கை கேட்க மேலே யாரும் இல்லாததால் யாரும் எழுதவில்லை. இன்னொரு காரணம் வலி மிகுந்தது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர் பட்டியல் சாதியில் வரமாட்டார். 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் வழிவிட்டார்கள், கிறிஸ்தவருக்கு இல்லை. தமிழ்நாட்டில் அப்படி மதம் மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆகவே படிப்பையும் வேலையையும் நினைத்து, பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர் என்று வாழ்கிற குடும்பங்கள் உண்டு. அவர்கள் ஞானஸ்நானப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள். பதிவேட்டில் காலியாக விட்ட கட்டங்களைப் பார்த்து, சபை வளரவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

எழுத்து இல்லாத இடத்தில் கட்டடத்தைப் படிக்கவேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்து ஆலயத்தில் மூப்பர் பின்பக்கம் அழைத்துப் போனார். சுவரோரம் பழைய ஓடுகள் அடுக்கிக் கிடந்தன. மேலே இரண்டு வரிசை கையால் தட்டிய நாட்டு ஓடு, குழாயைப் பிளந்தது மாதிரி. அடியில் தட்டையான மங்களூர் ஓடு. பாசல் மிஷன் 1865ல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து கிளம்பி, தென்னிந்தியா முழுக்கக் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ரயில்நிலையத்துக்கும் பரவிய வகை. ஒன்றை எடுத்துத் துடைத்தால் முதுகில் கம்பெனி முத்திரை அழுந்தியிருக்கும். கூரை எப்போது ஓலையிலிருந்து ஓட்டுக்கு மாறியது, எப்போது கையில் கொஞ்சம் காசு சேர்ந்தது என்பதை அந்த அடுக்கே சொல்லிவிடுகிறது. இப்போது மேலே இருப்பது தகரம்.

ஓட்டுக்கு அப்புறம் பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டால் நிலம் கைமாறிய வருடம் தெரிந்துவிடும். கல்லறைத் தோட்டத்தில் ஆகப் பழைய கல்லில் இருக்கும் வருடம் இன்னொரு நங்கூரம். பாட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் யாராவது பெயரும் தேதியும் எழுதி வைத்திருப்பார்கள். பெரிய வேதாகமத்தின் உள்ளட்டையில் பிள்ளைகள் பிறந்த நாள் இருக்கும். கிழவிகளிடம் கேட்கும்போது வருடம் கேட்கக்கூடாது. 'பெரிய மழை பெஞ்சு கண்மாய் உடைஞ்சதுக்கு முன்னயா பின்னயா?' என்று கேட்டால் சரியாகச் சொல்லுவார்கள். கண்மாய் உடைந்த வருடத்தை நாம் வேறு இடத்தில் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

பலகைகளைத் திரும்பப் போட்டு மூடியதும் மூப்பர் பீரோவிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துவந்தார். கணக்கு நோட்டு. முதல் பத்துப் பதினைந்து பக்கம் செல்லரித்துப் போய், தொட்டால் உதிர்ந்தது. அதற்குப் பின் கைப்பிடி அரிசி இத்தனை படி, மண்ணெண்ணெய் இவ்வளவு, கொத்தனார் கூலி இவ்வளவு என்று மூன்று வேறு கையெழுத்துகளில் வரிகள். மேலே தேதி இருந்த ஓரம்தான் அதிகம் அரித்திருந்தது. போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுக்க ஆரம்பித்தேன். மூப்பர் இரண்டு கையாலும் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பாதியில் வெளிச்சம் குறைந்துவிட்டது. "மீதிக்கு ஞாயித்துக்கெழம வாங்க தம்பி, மூணாவது கையெழுத்து எங்க அப்பாவோடது" என்றார்.